குறிப்பேடு எழுதும் கோப்பு முறைமை: பள்ளிக் கணினிக்கு மாற்றலாமா?

மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், உதவித்தொகைக்கான பெயர்ப்பட்டியல், ஆண்டுவிழாப் புகைப்படங்கள் என ஒரு பள்ளியின் நினைவில் பெரும்பகுதி இன்று ஏதோ ஒரு கணினியின் வன்தட்டில்தான் இருக்கிறது. எமிஸ் தளத்தில் ஏற்றியவை அங்கே இருக்கும். ஏற்றுவதற்கு முன் நாம் தயாரித்தவையும், பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பாடப்பொருள்களும் நம் கணினியில் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கணினியோ, மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத அறையில் இருக்கிறது. யூபிஎஸ் இருந்தாலும் அதன் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடுகிறது.

இப்படி மின்சாரம் நின்று கோப்புகள் கெட்டுப்போகும்போது, "வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள், இனி எதுவும் போகாது" என்ற அறிவுரை கிடைக்கும். லினக்ஸ் அறிந்தவர்கள் "எக்ஸ்ட்4 போடுங்கள்" என்பார்கள். இந்த அறிவுரையில் பாதி உண்மை. பாதி தவறான நம்பிக்கை. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால், எந்த வட்டை மாற்றுவது, எதை அப்படியே விடுவது என்பதை நாமே முடிவு செய்யலாம்.

கோப்பு முறைமை என்றால் என்ன?

வன்தட்டு என்பது எண்ணிடப்பட்ட கோடிக்கணக்கான சிறு கட்டங்களின் வரிசை. எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று வன்தட்டுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை வைத்திருப்பதுதான் கோப்பு முறைமை. அது குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. கோப்புகளின் பெயர், அளவு, தொடங்கும் இடம் ஆகியவற்றுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எந்தக் கட்டம் நிரம்பியது, எது காலி என்பதற்கு இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறது. உரிய கட்டங்களில் கோப்பின் உள்ளடக்கத்தை எழுதுகிறது.

ஆக, நாம் ஒருமுறை 'சேமி' என்று அழுத்தினால் கணினி வட்டில் மூன்று வெவ்வேறு இடங்களில் எழுத வேண்டியிருக்கிறது. புதிய மாணவர் சேரும்போது சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, வகுப்பு எண்ணிக்கைப் பலகை ஆகிய மூன்றிலும் நாம் எழுதுவது போலத்தான். ஒன்றில் எழுதிவிட்டு மற்றவற்றை மறந்தால் பதிவேடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கணினி மறப்பதில்லை. ஆனால் முதல் இடத்தில் எழுதி, இரண்டாவது இடத்துக்குப் போவதற்குள் மின்சாரம் நின்றால் விளைவு அதேதான்.

பழைய முறையில் என்ன நடக்கிறது?

ஃபேட் என்ற கோப்பு முறைமை 1970-களின் இறுதியில் உருவானது. அதன் வளர்ந்த வடிவமான ஃபேட்32, 1996-ல் விண்டோஸ் 95-ன் திருத்திய பதிப்புடன் வந்தது. இன்றும் பென்டிரைவ்களிலும் நினைவக அட்டைகளிலும் அதைக் காணலாம். எளிமையானது, ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் அதைப் படிக்கும். ஆனால் எழுதும் வேலை பாதியில் நின்றால், எதுவரை எழுதினோம் என்று அதற்குத் தெரியாது.

கட்டங்களை ஒதுக்கிய பிறகு, பெயர்ப் பட்டியலில் பதிவதற்குள் மின்சாரம் போனதாகக் கொள்வோம். அந்தக் கட்டங்கள் 'நிரம்பியவை' என்று குறிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோப்புக்கும் சொந்தமாக இருக்காது. மறுபடி இயக்கும்போது 'செக் டிஸ்க்' நிரல் இவற்றைத் தேடிப் பிடிக்கும். சில வட்டுகளில் 'ஃபவுண்டு 000' என்ற கோப்புறையும், அதற்குள் 'சிஎச்கே' என்று முடியும் கோப்புகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இப்படிப் பெயர் இழந்த துண்டுகள்தான்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. பெயர்ப் பட்டியலில் பதிவு விழுந்துவிட்டது. கட்டம் மட்டும் 'நிரம்பியது' என்று குறிக்கப்படவில்லை. அடுத்து வரும் வேறொரு கோப்பு அதே கட்டத்தைக் காலி என்று எண்ணி எழுதிவிடும். இப்போது இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைச் சொந்தம் கொண்டாடும். இரண்டில் ஒன்றாவது கெட்டுப்போவது உறுதி.

ஃபேட் முறை தன் ஒதுக்கீட்டுப் பட்டியலை வழக்கமாக இரண்டு பிரதிகளாக வைத்திருக்கிறது. ஒரு பிரதி இருக்கும் இடம் பழுதானால் மற்றது உதவும். பாதியில் நின்ற வேலையை முடிக்க அது உதவாது.

லினக்ஸில் 1993-ல் வந்த எக்ஸ்ட்2 முறைக்கும் இதே குறை இருந்தது. கணினி முறையாக நிறுத்தப்படாவிட்டால், அடுத்த முறை தொடங்கும்போது முழு வட்டையும் சரிபார்க்க வேண்டியிருந்தது. வட்டு பெரிதாகப் பெரிதாக அந்தச் சோதனையின் நேரமும் நீண்டது.

குறிப்பேடும் பேரேடும்

இந்தச் சிக்கலுக்கான தீர்வு, நம் பள்ளியின் கணக்குப்பதிவியல் ஆசிரியருக்கு நன்கு தெரிந்த ஒன்றுதான். ஒரு நடவடிக்கையை நேரடியாகப் பேரேட்டில் எழுதுவதில்லை. முதலில் குறிப்பேட்டில் முழுமையாகப் பதிந்து, பிறகு பேரேட்டின் உரிய கணக்குகளில் எடுத்து எழுதுகிறோம். எடுத்து எழுதுவது பாதியில் நின்றாலும் கவலையில்லை. குறிப்பேட்டைப் பார்த்து மீதியை எழுதிவிடலாம்.

ஜர்னலிங் கோப்பு முறைமை செய்வதும் இதுவே. ஜர்னல் என்பதற்குக் கணக்குப்பதிவியலில் நாம் வழங்கும் சொல்லே குறிப்பேடு. வட்டின் ஒரு சிறு பகுதி இதற்கென ஒதுக்கப்படுகிறது. வேலை பின்வரும் வரிசையில் நடக்கும்:

1. பட்டியல்களில் செய்யப்போகும் மாற்றங்கள் எல்லாம் முதலில் குறிப்பேட்டில் எழுதப்படும்.
2. பதிவு முழுமையானதும் 'முடிந்தது' என்ற முத்திரை அதன் இறுதியில் இடப்படும்.
3. அதன் பிறகே உண்மையான பட்டியல்களில் மாற்றங்கள் எழுதப்படும்.
4. அவை எழுதப்பட்டபின் குறிப்பேட்டின் அந்த இடம் மறுபயன்பாட்டுக்கு விடப்படும்.

கணக்குக் குறிப்பேட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நான்காவது படியில் இருக்கிறது. கணக்கில் குறிப்பேட்டைப் பாதுகாத்து வைப்போம். இங்கே இடம் சுழற்சியில் பயன்படுத்தப்படுகிறது.

மின்சாரம் போய்த் திரும்பியதும் கணினி முழு வட்டையும் தேடுவதில்லை. குறிப்பேட்டை மட்டும் படிக்கிறது. முத்திரை இருக்கும் பதிவுகளைப் பட்டியல்களில் மீண்டும் எழுதுகிறது. முத்திரை இல்லாத பதிவைத் தள்ளிவிடுகிறது. பெரிய வட்டிலும் இந்த வேலை பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

தரவுத்தளங்களில் நெடுநாள் பழகிய உத்தி இது. 1990-ல் ஐபிஎம் நிறுவனம் தன் ஏஐஎக்ஸ் இயக்க அமைப்பில் ஜேஎஃப்எஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. 1993-ல் விண்டோஸ் என்டி 3.1 உடன் என்டிஎஃப்எஸ் வந்தது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடி எக்ஸ்ட்2-க்குக் குறிப்பேட்டைச் சேர்த்து எக்ஸ்ட்3-ஐ உருவாக்கினார். அது 2001 நவம்பரில் 2.4.15 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில் எக்ஸ்ட்4 நிலைத்த பயன்பாட்டுக்கு வந்தது.

எது காக்கப்படுகிறது, எது காக்கப்படுவதில்லை?

முடிவெடுக்க வேண்டியவர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. குறிப்பேடு காப்பது பட்டியல்களை. அதாவது வட்டின் ஒழுங்கை. உங்கள் கோப்பின் உள்ளடக்கத்தைக் காப்பதாக அது வாக்குறுதி தருவதில்லை.

என்டிஎஃப்எஸ் தன் குறிப்பேட்டில் பட்டியல் மாற்றங்களை மட்டுமே எழுதுகிறது. எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவற்றில் மூன்று வகை அமைப்புகள் உள்ளன. உள்ளடக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதுவது ஒரு வகை. இதில் எல்லாம் இரண்டு முறை எழுதப்படுவதால் பொதுவாக வேகம் குறையும். முதலில் உள்ளடக்கத்தை உரிய இடத்தில் எழுதிவிட்டு, பிறகே பட்டியல் மாற்றத்துக்கு முத்திரை இடுவது இரண்டாவது வகை. வழக்கமான அமைப்பு இதுதான். இரண்டுக்கும் வரிசை ஏதும் வைக்காமல் விடுவது மூன்றாவது வகை. பாதுகாப்பில் இதுவே கடைசி.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? அரை மணி நேரம் தட்டச்சு செய்து ஒருமுறைகூடச் சேமிக்காத வினாத்தாள் மின்தடையில் போனால், எந்தக் கோப்பு முறைமையும் அதைத் திருப்பித் தராது. அது வட்டுக்கு வரவே இல்லை. சேமித்த பின்னும் சிறிது நேரம் அது நினைவகத்தில் காத்திருக்கலாம். 2009 வாக்கில் எக்ஸ்ட்4 பரவத் தொடங்கியபோது, எதிர்பாராமல் கணினி நின்றபின் சில கோப்புகள் பெயர் இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தன. பட்டியல்கள் ஒழுங்காகவே இருந்தன; உள்ளடக்கம்தான் வட்டுக்கு வந்து சேரவில்லை. அதன் உருவாக்குநர்கள் பிறகு இந்த நிலை நேராதபடி திருத்தங்கள் செய்தார்கள். ஒழுங்கு வேறு, உள்ளடக்கம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தவறுதலாக அழித்த கோப்பு, வைரஸ் பூட்டிய கோப்பு, தேய்ந்து பழுதான வன்தட்டு, திருடுபோன மடிக்கணினி ஆகிய எதற்கும் குறிப்பேடு மருந்தல்ல. அழித்தல் என்பதும் ஒரு மாற்றம்தான். குறிப்பேடு அதையும் ஒழுங்காகப் பதிந்து, ஒழுங்காகவே நிறைவேற்றும். இவற்றுக்கெல்லாம் வேறோர் இடத்தில் வைத்திருக்கும் நகல் ஒன்றே வழி.

முதலில் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்

பல கணினிகளில் மாற்ற வேண்டிய தேவையே இருக்காது. விண்டோஸ் விஸ்டா முதல், இயக்க அமைப்பு நிறுவப்படும் பகுதி என்டிஎஃப்எஸ் ஆகவே இருக்க வேண்டும். உபுண்டு 2009-ல் வந்த 9.10 பதிப்பிலிருந்து எக்ஸ்ட்4-ஐ இயல்பாகப் பயன்படுத்துகிறது. எனவே சந்தேகம் பெரும்பாலும் இரண்டாம் பகுதியான 'டி' இயக்ககத்திலும், வெளியே இணைக்கும் வன்தட்டிலும், பென்டிரைவிலும்தான்.

தெரிந்துகொள்வது எளிது. விண்டோஸில் இயக்ககத்தின் மீது வலது சொடுக்கி 'பண்புகள்' என்பதைத் திறந்தால் 'கோப்பு முறைமை' என்ற வரி இருக்கும். உபுண்டு போன்ற லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் ஒவ்வொரு பகுதியின் வகையும் காட்டப்படும். பார்த்தபின் கீழ்க்காணும்படி முடிவு செய்யலாம்.

பள்ளிக் கணினியின் 'டி' இயக்ககம் ஃபேட்32 ஆக இருந்தால்: மாற்றுங்கள். நாள்தோறும் எழுதப்படுவது, மின்தடைக்கு ஆளாவது, இடம் மாறாதது ஆகிய மூன்றும் பொருந்தும் வட்டுக்குக் குறிப்பேடு அவசியம். ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது என்ற தடையும் இதனால் நீங்கும்.

பழைய லினக்ஸ் கணினியில் எக்ஸ்ட்2 இருந்தால்: மாற்றுங்கள். இதற்கு வட்டை அழிக்க வேண்டியதில்லை. 'டியூன்2எஃப்எஸ்' என்ற கருவி, இருக்கும் கோப்புகளுக்கு இடையூறின்றிக் குறிப்பேட்டைச் சேர்த்து எக்ஸ்ட்3 ஆக்கிவிடும்.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியில் பொதுப் பகுதி: என்டிஎஃப்எஸ் பொருந்தும். லினக்ஸ் அதைப் படிக்கவும் எழுதவும் முடியும். விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 இயல்பாகத் தெரியாது. விண்டோஸை 'உறங்கும்' நிலையில் விட்டுவிட்டு லினக்ஸில் நுழைந்தால் அந்தப் பகுதியில் எழுத அனுமதி கிடைக்காமல் போகலாம்; முழுமையாக நிறுத்திவிட்டு நுழைய வேண்டும்.

ஒரே கணினியில் நகல் எடுக்கப் பயன்படும் வெளி வன்தட்டு: விண்டோஸ் கணினி என்றால் என்டிஎஃப்எஸ் நல்லது. மேக் கணினிகள் அதைப் படிக்கும்; இயல்பாக அதில் எழுதாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பல கருவிகளுக்கிடையே சுற்றும் பென்டிரைவ்: மாற்ற வேண்டாம். தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, ஒளிப்படக் கருவி, அச்சகக் கணினி என எங்கும் படிக்கப்பட வேண்டும் என்பதே அதன் பயன். அங்கெல்லாம் ஃபேட்32 கைகொடுக்கும்; பெரிய காணொலிகளுக்கு எக்ஸ்ஃபேட் உதவும். எக்ஸ்ஃபேட் புதியது என்பதால் குறிப்பேடு உடையது என்று எண்ண வேண்டாம். அதில் குறிப்பேடு இல்லை. 'பாதுகாப்பாக அகற்று' என்பதைச் சொடுக்கிய பின் உருவும் பழக்கமே பென்டிரைவுக்குக் காவல். அதில் இருப்பது ஒரே பிரதியாக இருக்கவும் கூடாது.

புதிய கணினிகளில் காணப்படும் சிறிய ஃபேட்32 பகுதி: தொடவே கூடாது. யுஇஎஃப்ஐ முறையில் கணினி தொடங்குவதற்கு அது அந்த வடிவில்தான் இருக்க வேண்டும். மாற்றினால் கணினி தொடங்காது.

ஹைடெக் ஆய்வகத்தின் சர்வர் போன்றவற்றின் அமைப்பை நாமாக மாற்றக் கூடாது. பராமரிப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் வட்டின் வகையைக் கேட்டு அறிந்துகொள்வதோடு நிற்பதே முறை.

மாற்றும் முறை

முதல் படி நகல். மாற்றப்போகும் பகுதியில் உள்ள அனைத்தையும் வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள். நகலிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகல், நகல் ஆகாது.

இரண்டாவது படி, 'செக் டிஸ்க்' மூலம் இருக்கும் பிழைகளைச் சரிசெய்வது. கெட்டுப்போன பட்டியலைப் புதிய முறைக்கு மாற்றினால் கேடும் சேர்ந்து வரலாம்.

மூன்றாவது படி மாற்றம். விண்டோஸில் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'கன்வெர்ட்' என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். கட்டளையின் பெயர், இயக்ககத்தின் எழுத்தும் முக்காற்புள்ளியும், பிறகு வேண்டிய கோப்பு முறைமை என்ற வரிசையில் அதை எழுத வேண்டும். கோப்புகளை அழிக்காமல் ஃபேட்32-ஐ என்டிஎஃப்எஸ் ஆக்கும் கட்டளை இது. வட்டில் போதிய காலியிடம் இருக்க வேண்டும். இந்த வேலை நடக்கும்போதே மின்சாரம் போனால் பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலை வரலாம். எனவே யூபிஎஸ் நன்றாக இருக்கும் இடத்தில், அல்லது சார்ஜ் நிறைந்த மடிக்கணினியில் இணைத்துச் செய்வது நல்லது.

இந்தக் கட்டளை ஒருவழிப் பாதை. மறுபடி ஃபேட்32 வேண்டுமென்றால் முழுவதும் அழித்து வடிவமைக்க வேண்டும். எக்ஸ்ஃபேட் வட்டுக்கு இந்தக் கட்டளை பொருந்தாது. அதில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்து, வட்டைப் புதிதாக வடிவமைத்து, மீண்டும் கொண்டுவர வேண்டும்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

மேல்நிலை வகுப்பில் இயக்க அமைப்புப் பாடம் நடத்தும்போது இதை ஒரே பாடவேளையில் செய்து காட்டலாம். கரும்பலகையில் 20 கட்டங்கள் வரைந்து எண்ணிடுங்கள், அதுவே வன்தட்டு. பக்கத்தில் 'பெயர்ப் பட்டியல்', 'நிரம்பிய கட்டங்கள்' என இரண்டு பட்டியல்கள் இடுங்கள். ஒரு மாணவர் எழுதுபவர். ஒவ்வொரு கோப்புக்கும் அவர் இரண்டு பட்டியல்களிலும் கட்டங்களிலும் எழுத வேண்டும். இன்னொரு மாணவர் பலகைக்கு முதுகு காட்டி நின்று, தோன்றிய நேரத்தில் கைதட்டுவார், அதுதான் மின்தடை. எழுதுபவர் சாக்பீஸை உடனே வைத்துவிட வேண்டும். மூன்றாவது மாணவர் வந்து பட்டியல்களை ஒப்பிட்டு முரண்பாடுகளைக் கண்டுபிடிப்பார்.

இரண்டாம் சுற்றில் பலகையின் ஓரத்தில் குறிப்பேட்டுக்கு இடம் கொடுங்கள். எழுதுபவர் பட்டியல் மாற்றங்களை முதலில் அங்கே எழுதி, முத்திரையாக ஒரு வட்டம் போட்ட பிறகே மற்ற இடங்களுக்குப் போக வேண்டும். மின்தடைக்குப் பின் வரும் மாணவருக்கு இப்போது பலகை முழுவதையும் ஒப்பிடும் வேலை இல்லை.

இனி கேள்வி கேளுங்கள்: குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால்? வட்டம் இல்லாத பதிவை அழித்துவிட வேண்டும் என்ற விடைக்கு மாணவர்களே வந்துவிடுவார்கள். அடுத்த கேள்வி: அப்படியானால் அந்தப் புதிய கோப்பு? அது இல்லை. பட்டியல்கள் ஒத்துப்போகின்றன, கோப்பு இல்லை. குறிப்பேட்டின் பயனும் எல்லையும் இந்த ஒரு விடையில் அடங்கியிருக்கின்றன. பாடப்புத்தகத்தில் கோப்பு முறைமைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, ஒரு பெயர் ஏன் இன்னொன்றுக்குப் பதிலாக வந்தது என்ற காரணமும் இதனால் விளங்கும்.

பள்ளி அலுவலகக் கணினியில் இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று. ஒவ்வொரு இயக்ககத்தின் வகையையும் பார்த்து இருப்புப் பதிவேட்டில் கணினிக்கு நேராகக் குறித்துவையுங்கள். இடம் மாறாத ஃபேட்32 பகுதி இருந்தால், நகலெடுத்தபின் மாற்றுங்கள். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், வாரம் ஒருநாளை முடிவு செய்து முக்கியக் கோப்புகளைக் கணினிக்கு வெளியே ஒரு வட்டில் நகலெடுத்து, அதைக் கணினி அறைக்கு வெளியே உள்ள பீரோவில் வையுங்கள். வட்டின் ஒழுங்கைக் குறிப்பேடு பார்த்துக்கொள்ளும். கோப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.